மேனுவல் மோடு மக்கர் செய்தால்: ஆட்டோமேட்டிக் கார்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனிடம் ஆட்டோமேட்டிக் கார் புகார்கள் இரண்டு திசையிலிருந்து வரும். ஊட்டிக்கு ஏறப் போகிறவர், "எம்-ல போட்டா கியர் மாற மாட்டேங்குது" என்பார். எம் என்பது மேனுவல் மோடு, பிளஸ் மைனஸ் தட்டி கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலை. இறங்கி வந்தவர் பிரேக் கருகிய வாடையோடு வந்து நிற்பார். இப்படி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஸ்பேனரையே தொட வேண்டியிருக்காது. கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். ஓட்டுபவர் கேட்ட கியரை அது தர மறுத்திருக்கும், அவ்வளவுதான்.

மறுப்பு வேறு, கோளாறு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சர்வீஸ் சென்டருக்குப் பல நடை மிச்சம். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பர்ஸைக் காலி செய்யும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எதையும் பார்க்கும் முன்: உங்கள் வண்டியில் இருப்பது எது?

ஒரே அறிகுறிக்கு ஒவ்வொரு வகை கியர்பாக்ஸிலும் அர்த்தம் மாறும். அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

லீவரில் பார்க்கிங் நிலையே இல்லை, ரிவர்ஸ், நியூட்ரல், டி (தானாகக் கியர் மாறும் டிரைவ் நிலை), எம் மட்டும்தான் என்றால் அது பெரும்பாலும் ஏஎம்டி. சில கம்பெனிகள் டிக்குப் பதிலாக ஏ என்று போட்டிருப்பார்கள். இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார்.

பார்க்கிங் நிலை இருந்தால் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துவது), டிசிடி (இரட்டைக் கிளட்ச்), சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறுவது) இந்த மூன்றில் ஒன்று. பிரோஷரிலோ ஓனர் கையேட்டிலோ பெயர் இருக்கும். எல் (L) அல்லது பி (B) என்ற தனி நிலை டிக்குக் கீழே இருந்து, பிளஸ் மைனஸ் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு மேனுவல் மோடே கிடையாது. இறக்கத்துக்கு அந்த எல் அல்லது பி-தான் உங்கள் ஆயுதம். ஹைபிரிட் வண்டிகளில் வரும் பி (B) என்பது பார்க்கிங் (P) அல்ல, இறக்கத்தில் பிடித்து இறக்குவதற்கானது. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

## அறிகுறி: மைனஸ் தட்டினால் கியர் இறங்கவில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

### மீட்டரில் கியர் எண் மின்னுகிறது, அல்லது பீப் சத்தம் வருகிறது

இது மறுப்பு. சுவிட்ச் வேலை செய்கிறது, நீங்கள் கேட்டது கியர்பாக்ஸின் காதில் விழுந்துவிட்டது. கொடுத்தால் இன்ஜின் தன் சுழற்சி வேகத்தின் உச்ச வரம்பான சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டு முடியாது என்கிறது. சின்ன பெட்ரோல் வண்டியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றாவது கேட்டால் கிடைக்காது. 100-ல் இரண்டாவது கேட்டாலும் அதேதான். டீசலில் சிவப்புக் கோடு இன்னும் கீழே இருப்பதால் மறுப்பும் சீக்கிரமே வரும்.

செய்ய வேண்டியது: முதலில் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் தட்டுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகத்தைக் குறைக்கத்தானே கியரை இறக்குகிறோம், எதற்குப் பிரேக் என்பது அவர்கள் வாதம். வேகத்தை இறக்குவது பிரேக்கின் வேலை. இறங்கிய வேகம் மறுபடி ஏறாமல் பிடித்து வைப்பது கியரின் வேலை.

### இரண்டு முறை தட்டினால் ஒரு கியர்தான் இறங்குகிறது

ஏஎம்டியில் இது சகஜம். முதல் தட்டலுக்குக் கிளட்சைத் திறந்து கியரை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தட்டல் வந்தால் சில வண்டிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மீட்டரில் எண் மாறியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தட்டுங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு நடுவில் போய் அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தால் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். வளைவுக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

### மைனஸ் தட்டினால் கியர் ஏறுகிறது

சிரிக்காதீர்கள், இதுவும் வருகிறது. எல்லா வண்டியிலும் பிளஸ் ஒரே பக்கம் இல்லை. சிலவற்றில் லீவரை முன்னால் தள்ளினால் பிளஸ், சிலவற்றில் பின்னால் இழுத்தால் பிளஸ். வீட்டில் இரண்டு வண்டி வைத்திருப்பவர்களும், வாடகைக் காரில் மலை ஏறுபவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள். லீவர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்துக்கொண்டு, சமதளத்தில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மலையைத் தொடுங்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றும் பேடில் இருந்தால் வலது பிளஸ், இடது மைனஸ். பேடில் வண்டிகளில் இதுதான் பொது வழக்கம்.

### மின்னவும் இல்லை, பீப்பும் இல்லை, எதுவுமே நடக்கவில்லை

இங்கேதான் கோளாறு என்று சந்தேகப்படலாம். பேடிலும் லீவரும் இரண்டும் உள்ள வண்டியாக இருந்தால் சோதனை எளிது. லீவர் வேலை செய்யாமல் பேடில் வேலை செய்தால் லீவருக்கு அடியில் இருக்கும் சுவிட்சில் பிரச்சினை. பேடில் வேலை செய்யாமல் லீவர் வேலை செய்தால் ஸ்டீயரிங் பக்கம். அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன். இரண்டுமே வேலை செய்யவில்லை, டி-யில் மட்டும் வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம்.

டி-யில் ஒழுங்காக ஓடும் வரை அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிலையில் மலைக்கு மட்டும் போகாதீர்கள்.

## அறிகுறி: பிளஸ் தட்டினால் கியர் ஏறவில்லை

வேகம் போதாமல் இருக்கலாம். 20-ல் போய்க்கொண்டு நான்காவது கேட்டால் இன்ஜின் திணறும் என்பதால் தராது. இதுவும் மறுப்புதான்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் டாப் கியர் வரவில்லை, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் அது இயல்பு. ஆயில் சூடாகும் வரை கடைசி கியரைப் பூட்டி வைக்கும் வண்டிகள் உண்டு. குன்னூர், கோத்தகிரியில் ராத்திரி தங்கிவிட்டு விடியற்காலை கிளம்புபவர்களுக்கு இது சமவெளியில் இருப்பதைவிட அதிக நேரம் நீடிக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறி, வேகமும் இருந்து, மூன்றாவதற்கு மேல் எந்தக் காலத்திலும் ஏறவில்லை என்றால் கீழே 'ஒரே கியரில் மாட்டிக்கொண்டது' பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: நான் தட்டாமலே கியர் மாறுகிறது

டி-யில் இருந்தபடி பேடிலைத் தட்டினீர்களா? அப்படியானால் அது தற்காலிக மேனுவல்தான். நீங்கள் பேடிலைத் தொடாமல் சிறிது நேரம் சீராக ஓட்டினால் வண்டி தானே டி-க்குத் திரும்பிவிடும். இறக்கத்தில் இரண்டாவதில் வைத்துவிட்டோம் என்று நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் மூன்றாவதுக்கு ஏறிவிடும். ஆபத்தான இடம் இது. மலை இறக்கத்துக்குப் பேடிலை மட்டும் நம்பாதீர்கள். லீவரையே எம் பக்கம் தள்ளி, அல்லது உங்கள் வண்டியில் எஸ் (ஸ்போர்ட்) நிலைதான் கியரைப் பிடித்து வைக்கும் என்றால் அதில் போட்டு, அப்புறம் பேடிலைப் பயன்படுத்துங்கள். மீட்டரில் டி என்ற எழுத்து மறைந்து எம் என்று வந்திருக்கிறதா என்பதே சோதனை.

வேகம் குறையும்போது தானாக இறங்குகிறதா? எல்லா வண்டியிலும் அப்படித்தான். நான்காவதில் வைத்து வண்டியை நிறுத்தினால் இன்ஜின் அணையாமல் இருக்க ஒன்றாவதுக்கு அதுவே வந்துவிடும்.

சிவப்புக் கோட்டைத் தொடும்போது தானாக ஏறுகிறதா? சில வண்டிகள் ஏறும், சில வண்டிகள் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும்.

ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தும்போது ஒரு கியர் இறங்குகிறதா? ஓவர்டேக் எடுக்கிறீர்கள் என்று நினைத்து இறக்கிக் கொடுக்கும் வண்டிகள் எம்-மிலும் உண்டு. கோளாறு இல்லை.

இந்த நான்கிலும் சேராமல், சமதளத்தில் சீரான வேகத்தில், எம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கியர் மேலும் கீழும் தாவினால் அது லீவர் நிலையைச் சொல்லும் சென்சாராக இருக்கலாம். வண்டியை ஸ்கேனருக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: எம்-முக்கே போகவில்லை

லீவரை பக்கவாட்டில் தள்ளியும் மீட்டரில் டி-யே நிற்கிறது.

முதலில் லீவர் முழுக்கப் போய் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சந்தையில் வாங்கி மாட்டிய கியர் உறை, மடிந்து கிடக்கும் லெதர், பக்கத்தில் செருகி வைத்த டோல் ரசீது, சில்லறைக் காசு எதுவும் வழியில் நிற்கலாம். கண்ணுக்கே தெரியாத அளவு தடுத்தாலும் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் அழுந்தாது.

அடுத்து டீ. பர்லியாரில் நிறுத்தி வாங்கிய டீயைக் கப் ஹோல்டரில் வைத்துவிட்டு முதல் வளைவைத் திருப்பினால் அது எங்கே கொட்டும்? லீவர் இடுக்கில்தான். பால் காய்ந்துவிடும், சர்க்கரை காயாது. ஒரு வாரம் கழித்து லீவர் பிசுபிசுவென்று நகரும், மைனஸ் தட்டினால் திரும்பி நடுவுக்கு வராது, பிறகு ஒரு நாள் எம்-மே பதிவாகாது. கொட்டிய உடனே துணியால் ஒற்றி எடுங்கள். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். இரண்டும் அழுக்கை சுவிட்சுக்குள்ளேயே கொண்டுபோய்விடும். காய்ந்து இறுகிவிட்டால் கன்சோலைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். பாகம் எதுவும் மாற்றாமலே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். முழு லீவர் செட்டையும் மாற்றச் சொன்னால் முதலில் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பேட்டரி. ஏஎம்டி வண்டிகளில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. கிளட்சையும் கியரையும் நகர்த்துவது மின்சாரம்தான் என்பதால், செல்ஃப் எடுக்கும் அளவுக்குத் தெம்பு இருந்தும் கியர் மாற்றத்தில் தடுமாறும் வண்டிகளைப் பார்க்கலாம். இன்ஜின் ஓடாமல் வண்டி நின்று சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டாவது காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.5-க்குக் கீழே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக்கு நாலு வயது தாண்டியிருந்தால் நான் மேலே யோசிக்காமல் புதுசு போடச் சொல்லிவிடுவேன்.

### பேடில் மட்டும் செத்துவிட்டது

ஹாரன் அடிக்கிறதா? ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்கள் வேலை செய்கின்றனவா? ஏர்பேக் விளக்கு எரிகிறதா? பேடிலோடு இவையும் சேர்ந்து மக்கர் செய்தால் ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் ஒயர், அதாவது கிளாக் ஸ்பிரிங், அறுந்திருக்கும். அதைத் தொட ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இல்லை, தெரு முனை ஆடியோ கடைக்காரர் செய்யும் வேலையும் இல்லை.

ஹாரனும் மற்றதும் நன்றாக இருந்து ஒரு பக்கப் பேடில் மட்டும் போயிருந்தால் பேடில் சுவிட்ச் மட்டும்தான். அவசரமில்லை, லீவரை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று: மின்சாரக் காரில் இருக்கும் பேடில் கியருக்கானது அல்ல, பிரேக்கில் மின்சாரம் மீட்கும் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு. ஊட்டியில் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கத் தொடங்கினால் மீட்கும் மின்சாரத்துக்கு இடமில்லாமல் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். "பேடில் வேலை செய்யல" என்பார்கள். சார்ஜ் கொஞ்சம் இறங்கியதும் பிடிக்கும். மேலிருந்து கிளம்பும்போது பேட்டரியில் இடம் விட்டுக் கிளம்புங்கள்.

## அறிகுறி: இறக்கத்தில் எம்-மில் போட்டும் இன்ஜின் பிடிக்கவில்லை

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது மலைக்குப் போகும் முன் படித்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். இந்த உயரம் முழுவதையும் சுமார் 50 கிலோமீட்டருக்குள் இறங்க வேண்டும். சீசனில் ஒருவழியாக்கி, ஏறுபவர்களைக் குன்னூர் பக்கமும் இறங்குபவர்களைக் கோத்தகிரி பக்கமும் விடுவார்கள். எந்தப் பக்கம் இறங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

### கியர் உயரமாக இருக்கிறது

பத்தில் எட்டு பேருக்குக் காரணம் இதுதான். எம்-மில் போட்டுவிட்டு மூன்றாவதிலேயே வருகிறார்கள். எம் என்ற எழுத்து பிரேக் போடாது, எண்ணைக் குறைக்க வேண்டும். பிரேக்கில் கால் வைத்தபடியே இருக்க வேண்டியிருந்தால் இன்னொரு கியர் இறக்குங்கள். நேரான இறக்கத்தில் இரண்டாவது, இறுக்கமான வளைவுக்கு முன் ஒன்றாவது என்பது சின்ன வண்டிக்கு ஓரளவு பொருந்தும்.

இறக்கியதும் இன்ஜின் 3,000, 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பிளஸ் தட்டுபவர்கள்தான் கீழே பிரேக் புகையோடு வருகிறார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை அந்தச் சத்தத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. பெட்ரோல் வீணாகும் என்ற கவலையும் வேண்டாம். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் ஐடிலிங்குக்கு எரிபொருள் செலவாகும்.

### ஏஎம்டி, ரொம்ப மெதுவாகப் போகும்போது விட்டுவிடுகிறது

நடை வேகத்துக்கு இறங்கியதும் இன்ஜின் அணையாமல் இருக்க ஏஎம்டி கிளட்சைத் திறந்துவிடும். அந்த நொடியில் இன்ஜின் பிடிப்பு போய் வண்டி நழுவும். கியர் மாறும் இடைவெளியிலும் இதே நழுவல் வரும். இது கோளாறு அல்ல, அந்த வகை கியர்பாக்ஸின் சுபாவம். நெரிசலில் ஊர்ந்து இறங்கும்போது கால் பிரேக்குக்குத் தயாராக இருக்கட்டும். வளைவுக்கு நடுவில் கியரை மாற்றாதீர்கள்.

### சிவிடி, பிடிப்பு மெலிதாக இருக்கிறது

மேனுவல் மோடு உள்ள சிவிடியில் அந்த எண்கள் நிஜக் கியர்கள் அல்ல, கம்ப்யூட்டர் நிறுத்தி வைக்கும் படிகள். ஒவ்வொரு படிக்கும் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் தெரியும். கடைசி வரை மைனஸ் தட்டுங்கள். எஸ் அல்லது எல் இருந்தால் அதில் போடுங்கள்.

### கருகல் வாடை, பெடல் ஆழமாகப் போகிறது

இனி இது கியர் பிரச்சினை இல்லை. வாடை மட்டும் வந்து பெடல் கெட்டியாக இருந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்குங்கள். பார்க்கிங் நிலையில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஏஎம்டியில் பார்க்கிங் நிலை இல்லாததால் கியரில் வைத்தபடியே இன்ஜினை அணைத்துவிட்டு ஹேண்ட்பிரேக் போடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

பெடல் பஞ்சு போல் இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. பெடலை வேகமாகப் பல முறை மிதித்து அழுத்தம் சேர்த்துக்கொண்டே மைனஸ் தட்டித் தட்டிக் கீழே வாருங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடியுங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மலையோரமாகவே நிறுத்தப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜினை அணைக்காதீர்கள், நியூட்ரலுக்குப் போகாதீர்கள்.

நின்ற பிறகு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கீழே வர வேண்டாம். பிரேக் ஆயிலை மாற்றாமல் அது நம்பக்கூடியதில்லை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிப் பழசாகிவிட்டால் இந்தத் தாங்குதிறன் 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை.

## அறிகுறி: ஏற்றத்தில் உதறல், கிளட்ச் வாடை, சூடு எச்சரிக்கை

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி வண்டிகளில் இது அபூர்வம். ஏஎம்டி, டிசிடி வைத்திருப்பவர்கள் படியுங்கள்.

நெரிசலில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைக்கிறீர்களா? அதுதான் காரணம். கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும். பிரேக் போட்டு நிற்க வேண்டும். முன்னால் உள்ள வண்டி ஒரு கார் நீளம் நகரட்டும், பிறகு ஒரே இழுப்பாகப் போய் நில்லுங்கள். ஏற்றத்தில் வண்டி உருளாமல் தானே பிடிக்கும் ஹில் ஹோல்டு இருந்தாலும் சில வினாடிதான் பிடிக்கும். இல்லாத வண்டிக்கு ஹேண்ட்பிரேக்.

டி-யில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கிறதா? இதற்குத்தான் மேனுவல் மோடு. எம்-மில் ஒன்றாவதைப் பிடித்து வையுங்கள். ஏறும்போது வளைவுக்குள் இரண்டாவதில் நுழைந்து, பாதியில் இழுக்காமல் ஒன்றாவதுக்கு இறங்கும்போது ஏஎம்டியில் ஒரு நொடி சக்தியே இருக்காது. பின்னால் பஸ் நிற்கும். நுழைவதற்கு முன்பே ஒன்றாவது.

மீட்டரில் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்துவிட்டதா? ஒதுக்கி நிறுத்துங்கள். டிசிடியில் பார்க்கிங் நிலையில் போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். பல டிசிடி வண்டிகளின் கையேடு சொல்வது இதுதான். எச்சரிக்கை மறைந்து, அதற்குப் பிறகும் ஒரு பத்து நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறிய பிறகும் சமதளத்தில் முதல் கியரில் கிளம்பும்போது உதறல் தொடர்ந்தால், அல்லது எம்-மில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் தட்டு போய்விட்டது. ஏஎம்டி கிளட்ச் மேனுவல் வண்டியின் கிளட்சைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டுப் புதுக் கிளட்சைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத பட்டறையில் கொடுத்தால் புதுக் கிளட்சும் உதறும். டிசிடி கிளட்ச் பெரிய செலவு. வாரண்டி இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் திறக்க விடாதீர்கள்.

## அறிகுறி: ஒரே கியரில் மாட்டிக்கொண்டது

முதல் சோதனை: லீவர் எம்-மில் இருக்கிறதா? கை தட்டியோ, பக்கத்து சீட்டுப் பை இடித்தோ டி-யிலிருந்து நழுவியிருக்கும். ஹைவேயில் இன்ஜின் கத்துகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என்று வருபவர்களில் சிலருக்கு வைத்தியம் லீவரை இந்தப் பக்கம் தள்ளுவதுதான். பணம் வாங்க மனசு வராது.

டி-யிலும் அப்படியே இருந்து, இன்ஜின் விளக்கோ கியர் சின்னமோ எரிந்தால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கிறது. ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சரியானால் மெதுவாக வீட்டுக்கோ பட்டறைக்கோ போகலாம். மலை ஏறக் கூடாது. மறுபடி வந்தால் பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். அடியில் எட்டிப் பாருங்கள், சிவப்பாகவோ பழுப்பாகவோ ஆயில் சொட்டினால் அங்கேயே நில்லுங்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் ஓபிடி ஸ்கேனர் கையில் இருந்தால் அது காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். பி0815 (P0815), பி0816, பி0826 என்றால் பிளஸ் மைனஸ் சுவிட்ச் சுற்று. மலிவான வேலை. பி0705 லீவர் நிலை சென்சார். பி0562 வோல்ட்டேஜ் குறைவு. பி0218 கியர்பாக்ஸ் சூடு. பி0700 மட்டும் வந்தால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறொரு குறியீடு இருக்கிறது, அதைப் போய்ப் பார்' என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. மலிவு ஸ்கேனர்கள் பல அந்த இரண்டாவது குறியீட்டைப் படிக்காது. பி0700-ஐ மட்டும் காட்டி கியர்பாக்ஸ் போச்சு என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் கயிறு கட்டாதீர்கள். மேலே ஏற்றும் லாரி வேண்டும், குறைந்தபட்சம் இன்ஜின் இழுக்கும் சக்கரங்களாவது தரையில் படக் கூடாது.

## அறிகுறி: கியர் மாறும்போது இடிக்கிறது

ஏஎம்டியில் பிளஸ் தட்டும் நொடியில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டுப் பிடியுங்கள், முக்கால்வாசி இடி காணாமல் போகும். டார்க் கன்வெர்ட்டரில் முன்பு இல்லாத இடி புதிதாக வந்தால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஆயில். ஆயில் என்றதும் ஒரு எச்சரிக்கை: சிவிடி ஆயில் வேறு, டார்க் கன்வெர்ட்டர் ஆயில் வேறு, டிசிடிக்கு வேறு. 'எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதே ஆயில்தான் சார்' என்று டாப்-அப் செய்ய வருபவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

## பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

மேனுவல் மோடு கோளாறுகள் மெக்கானிக் முன்னால் வராது. பக்கத்தில் இருப்பவரை மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கியர் எழுத்து, ஆர்பிஎம், வேகம் மூன்றும் அதில் தெரிய வேண்டும். வண்டி சூடாக இருந்தபோதா, குளிர்ந்திருந்தபோதா, ஏற்றமா, இறக்கமா, லீவரிலா, பேடிலிலா என்று சொல்லுங்கள். கொண்டுபோகும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போடாதீர்கள். விளக்கு அணைந்து நிம்மதியாக இருக்கும், ஆனால் கோளாறு எப்போது எந்த வேகத்தில் வந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோக வாய்ப்புண்டு. அப்புறம் அது மறுபடி வரும் வரை நாங்களும் காத்திருக்க வேண்டியதுதான்.